முதுகில் வெட்டு இருந்தால் தற்காப்பு இல்லையா?

கேள்வி: எங்கள் ஊரில் தேயிலைத் தோட்ட எல்லைத் தகராறு. பக்கத்துத் தோட்டக்காரரை, செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக் கத்தியால் வெட்டியவர், ‘அவர்தான் முதலில் கட்டையால் அடித்தார், உயிருக்குப் பயந்து வெட்டினேன்’ என்கிறார். தலையில் ஏதோ கட்டும் போட்டிருக்கிறார். ஆனால் வெட்டுப்பட்டவருக்குக் காயம் முதுகில்! மூடுபனியில் கூச்சல் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது அவர் விழுந்து கிடந்தார். தற்காப்பு என்பது பொய் என்று ஊரே சொல்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: ‘ஏதோ கட்டு’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! எனக்கு முதுகைவிட அந்தத் தலைதான் முக்கியமாகப் படுகிறது. தையல் போட்ட காயமா, வெறும் சிராய்ப்பா? 1976-இல் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. அதே சண்டையில் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் பெரிய காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு சொல்லாவிட்டால், சாட்சிகள் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சிராய்ப்புக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடுத்து, ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். அடிதடி என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், எத்தனை மணிக்கு வந்தார், யார் எதனால் அடித்ததாகச் சொன்னார், காயம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்று டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் வாயிலிருந்து வந்தது என்பதால் அதற்குத் தனி மதிப்பு. இரண்டு பேருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அன்றைக்கு இரவே ‘கட்டையால் அடித்தார்’ என்று பதிவாகியிருந்தால் சரி. மூன்றாம் நாள்தான் கட்டை கதைக்குள் வருகிறது என்றால் எனக்கும் சந்தேகம் வரும்.

இப்போது முதுகுக்கு வருவோம். கைகலப்பில் ஆள் நேராக நின்றுகொண்டிருக்க மாட்டார். குனிந்து இடுப்பைப் பிடித்தவருக்கு வெட்டு முதுகில்தான் விழும். ஒரு வெட்டா, நாலு வெட்டா? ரத்தம் எங்கே சிந்தியிருந்தது என்று, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரில் இருக்கும். எல்லைக்கல் பக்கத்திலா, வெட்டுப்பட்டவர் வீட்டுக்கு இறங்கும் பாதையிலா? பாதையில் என்றால், ஓடுகிறவரைத் துரத்தி வெட்டியிருக்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருக்கும்வரைதான் தற்காப்பு உரிமை (தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதா, பிரிவு 40). அதற்குமேல் வெட்டினால் அது பழிவாங்கல்.

சின்னத் தடயம் பெரிய கதையைக் கவிழ்க்கும். 1959-இல் மும்பையில் நடந்த நானாவதி கொலை வழக்கில், கட்டிப்புரண்டபோது துப்பாக்கி தற்செயலாக வெடித்துவிட்டது என்றது குற்றம்சாட்டப்பட்ட நானாவதியின் தரப்பு. அது தற்காப்பு வாதம் அல்ல, இருந்தாலும் கேளுங்கள். குளித்துவிட்டு இறந்தவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழவே இல்லை. அப்படிப் புரண்டிருந்தால் துண்டு நிற்குமா?

கத்தியோடு வந்ததே திட்டம்தான் என்றும் பேசிக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி இருப்பதில் என்ன அதிசயம்? அந்த வாரம் அங்கே கவாத்து நடந்ததா என்று மட்டும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அது வேறு விஷயம்.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு வெட்டியவருடையதுதான் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 108). ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். தான் சாட்சிக் கூண்டில் ஏறாமல், எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தும் அதைக் காட்டலாம்.

ஊர் சொல்வதற்கு வருவோம். கூச்சல் கேட்டு ஓடினோம், அவர் விழுந்து கிடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் விசாரித்தால் அதை மட்டும் சொல்லுங்கள். முதலில் யார் அடித்தார் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது.