மறுபரிசோதனை நாள்

அன்புள்ள ஐயா,

நான் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள சேவைச் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். சென்ற ஆண்டு மட்டும் பதினான்கு திட்டங்களை நிறைவேற்றினோம். கெடிலம் கரையில் மரக்கன்றுகள், பேருந்து நிழற்குடை, அரசுப் பள்ளியில் குடிநீர் இயந்திரம் ஆகியவை அவற்றுள் சில. ஆனால் நண்பர்களோ, சால்வைக்காகவும் புகைப்படத்துக்காகவும் கூடும் பணக்காரர் கூட்டம் என்று கேலி செய்கிறார்கள். சங்கத்தில் தொடர்வதா, விலகுவதா?

வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

சால்வையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் ஊரில் சால்வை போர்த்தாமல் ஒரு வாசகசாலைகூடத் திறந்ததில்லை. கேலி செய்யும் நண்பர்கள் இதுவரை எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேளுங்கள், அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

என்னை உறுத்தியது, "நிறைவேற்றினோம்" என்று நீங்கள் எழுதிய சொல். சில நாட்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருந்ததால்தான் இந்தப் பதில். பள்ளிக்கு இயந்திரத்தைக் கொடுத்தீர்கள், சரி. நம் உவர்நீரில் அதன் வடிகட்டி எத்தனை மாதம் தாங்கும், அடைத்துக்கொண்டால் மாற்றுகிற செலவு யாருடையது என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது கேட்டாரா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பிறகு, எங்கள் தெருவுக்கும் கன்றுகள் வந்தன. அடுத்த கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் வரவில்லை (நானும்தான் ஊற்றவில்லை). கன்று பட்டுப்போன பிறகும், கொடுத்தவர் பெயரைச் சுமந்துகொண்டு இரும்புக் கூண்டு பல காலம் நின்றது.

இதற்குக் காரணம் கெட்ட மனம் அன்று, காலண்டர். ரோட்டரி போன்ற இச்சங்கங்களில் ஜூலை முதல் தேதி புதிய தலைவர் பதவியேற்பார், அடுத்த ஜூன் முடிவில் இறங்கிவிடுவார். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் தம் பெயரில் ஏதாவது திறக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு, முன்னவர் வைத்த இயந்திரத்துக்கு வடிகட்டி மாற்றுவதில் என்ன புகழ் இருக்கிறது? வடிகட்டிக்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

இதே சங்கங்களால் வேறுவிதமாகவும் நடக்க முடியும் என்பதற்கு இளம்பிள்ளை வாதம் என்கிற போலியோவே சாட்சி. அதை ஒழிக்கும் பணியை ரோட்டரி 1985இல் கையிலெடுத்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட பெண்குழந்தை. நம் நாட்டுக்கு அந்நோய் ஒழிந்ததென்ற சான்று 2014 மார்ச் 27 அன்று கிடைத்தது. இடைப்பட்ட 29 ஆண்டுகளில் ஆண்டுதோறும் தலைவர்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை. அரசு ஊழியர்களோடு தொண்டர்களும் அதே தெருவுக்கு, அதே வீட்டுக்கு, குழந்தையின் சுண்டுவிரலில் சொட்டு மருந்து போட்டதற்கான மை இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பப் போனார்கள்.

எங்கள் ஆயாவின் கண்ணை நினைத்துக்கொள்கிறேன். முதுநகரில் நடந்த இலவச முகாமில் புரை என்று சொல்லி, பேருந்தில் புதுச்சேரிக்கு அழைத்துப்போய், லென்ஸ் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். முகாம் நாளில் மேடை, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. எனக்கு அவற்றில் ஒரு முகமும் நினைவில்லை. நினைவில் நிற்பவர், பத்து நாள் கழித்து மொபெட்டில், கையில் பெயர்ப்பட்டியலோடு வந்த இரும்புக்கடைக்காரர் ஒருவர்தான். சொட்டு மருந்து விடுகிறீர்களா, தலைக்குக் குளித்தீர்களா என்று அதட்டிக்கொண்டே ஆயாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாங்கள் விறகடுப்புப் புகை என்று விட்டுவிட்ட சிவப்பை அவர் விடவில்லை. மறுபரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தும், அன்று மாலையே தம் செலவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஆயா அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள், கடைசி வரை தானே அரிசியில் கல் பொறுக்கினாள். அவர் அந்தச் சங்கத்தில் என்ன பதவி வகித்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டது தொடர்வதா விலகுவதா என்பதை அல்லவா? இந்த வாரம் அந்தப் பள்ளிக்குப் போங்கள், சொல்லாமல் போங்கள். குழாயைத் திறந்து ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.