ஒரே மொழி, ஒரே மதம். அப்புறம் ஏன் பகை?

கேள்வி: வளைகுடா அரபு நாடுகளில் எண்ணெய்ப் பணம் கொட்டிக் கிடக்கிறது. மொழி ஒன்று, மதம் ஒன்று. அப்படியிருந்தும் ஏன் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்கிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மொழியும் மதமும் ஒன்றாக இருந்தால் அரசுகளும் ஒன்றாகிவிடும் என்பதே தப்புக் கணக்கு. அங்கே ஒவ்வொரு நாட்டையும் ஆள்வது ஒரு குடும்பம். சவூதியில் சவூத், கத்தாரில் அல் தானி, பஹ்ரைனில் அல் கலீஃபா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் கவலை தன் ஆட்சி நிலைக்க வேண்டும் என்பதுதான்.

கத்தாருக்கு நடந்ததைப் பாருங்கள். 2017 ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் அதனுடன் உறவை முறித்தன. கத்தாருக்கு இருக்கும் ஒரே தரைவழி சவூதி எல்லை. சாப்பாட்டுப் பொருட்களில் சுமார் 40 சதவீதம் அந்த வழியில்தான் லாரியில் வந்துகொண்டிருந்தது. அதை ரமலான் நோன்பு மாதத்திலேயே அடைத்தார்கள். உணவு அனுப்பிக் கைகொடுத்தவை துருக்கியும் ஈரானும். பாலுக்காகக் கறவை மாடுகளை விமானத்தில் இறக்கியது கத்தார்.

காரணம் என்ன? கத்தாரின் செய்தித் தொலைக்காட்சியான அல் ஜசீராவை மூடு, துருக்கி ராணுவத் தளத்தை அகற்று, ஈரானிடமிருந்து விலகு என்று 13 கோரிக்கைகள் வைத்தார்கள். அரபு வசந்தம் என்ற மக்கள் எழுச்சியின்போது கத்தார் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் பக்கம் நின்றதை, அந்த இஸ்லாமிய அரசியல் இயக்கத்தைத் தங்கள் ஆட்சிக்கு ஆபத்தாகப் பார்த்த மற்ற அரண்மனைகள் மன்னிக்கவே இல்லை. ஈரானைப் பகைத்துக்கொள்ளவும் கத்தாரால் முடியாது. அதன் செல்வத்துக்கு அடிப்படையான எரிவாயு வயல், உலகிலேயே பெரியது, கடலுக்கடியில் ஈரானுடன் பங்குபோட்டுக்கொள்ளும் வயல். அந்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்புவதால் சவூதியின் தயவும் அதற்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கத்தாரிலிருந்து அமீரகத்துக்குக் கடலடியில் செல்லும் டால்ஃபின் எரிவாயுக் குழாயை இந்தச் சண்டைக் காலம் முழுக்க ஒருவரும் மூடவில்லை. அபுதாபியிலும் துபாயிலும் மின்சாரம் நிற்கக் கூடாதே! எல்லை அடைபட்டது சாதாரண ஜனங்களுக்குத்தான். கத்தார் குடிமக்கள் 14 நாளில் வெளியேற வேண்டும் என்றார்கள்; தங்கள் ஆட்களையும் திரும்பி வரச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகளுக்குக் குடியுரிமை தகப்பன் வழியில் வருவது. தாய் கத்தார்க்காரி, தகப்பன் சவூதிக்காரர் என்றால் அந்த வீட்டில் பிள்ளை எந்தப் பக்கம் போகும்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அமெரிக்கா? தடை தொடங்கிய மறுநாளே டிரம்ப் அதை ஆதரித்து ட்விட்டரில் எழுதினார். அதே மாதத்தில் கத்தாருக்கு 1,200 கோடி டாலருக்குப் போர் விமானங்கள் விற்க அவரது அரசு ஒப்பந்தம் போட்டது.

குவைத் அமீர் ஷேக் சபா சமரசத்துக்காகக் கடைசிவரை அலைந்தார். 2020 செப்டம்பரில் அவர் காலமானார். 2021 ஜனவரி 5 அன்று சவூதியின் அல் உலா நகரில் சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது; அந்த மாதமே எல்லையும் திறந்தது. அல் ஜசீரா இன்றும் ஒளிபரப்பாகிறது, துருக்கித் தளமும் அங்கேயேதான் இருக்கிறது.