ஒரே ‘ஊற்றுகிறார்’, ஆங்கிலத்தில் இரண்டு

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டுகிறேன். ‘வீ மேக்’, ‘வீ ஆர் மேக்கிங்’ இரண்டில் எதை எப்போது சொல்வது என்று தடுமாறுகிறேன். ‘ஐ ஆம் நோயிங்’ என்றபோது ஒருவர் சிரித்தேவிட்டார். நினைவில் நிற்கும்படி ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: சிரித்தவரை ‘வாழைப்பழம்’ என்று ஒருமுறை சொல்லச் சொல்லியிருக்கலாம்!

குழப்பத்துக்குக் காரணம் நம் ‘கிறு’. ‘அவர் சாயம் ஊற்றுகிறார்’ என்றால் இந்த நொடியில் ஊற்றுகிறார் என்றும் கொள்ளலாம், அதுதான் அவர் தொழில் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வடிவம். ஆகவே முதலில் தமிழ் வினையை மாற்றிப் பாருங்கள். ‘ஊற்றிக்கொண்டிருக்கிறார்’ பொருந்தினால் ‘ஹீ இஸ் போரிங்’. ‘ஊற்றுவார்’ பொருந்தினால் ‘ஹீ போர்ஸ்’. அந்தக் கடைசி ‘ஸ்’ஸை வேகத்தில் விழுங்கிவிடாதீர்கள். (‘போரிங்’கில் முதல் ஒலியை உதட்டில் காற்று வெடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், பாவம், அவர் சலிப்பூட்டும் மனிதராகிவிடுவார்.)

‘ஊற்றுவார்’ எதிர்காலம் ஆயிற்றே என்பீர்கள். தமிழில் வழக்கத்தைச் சொல்லவும் அதுதான்: ‘ஆச்சி விடிந்ததும் கோலம் போடுவார்.’ இங்கே ‘வில்’லைத் தேட வேண்டாம், ‘ஆச்சி டிராஸ் எ கோலம் எவ்ரி மார்னிங்’ போதும்.

பட்டறையிலேயே பார்ப்போம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றுகிறோம், அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமென்ட்டும் நிரப்புகிறோம், பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறோம். என்றும் மாறாத செய்முறை. எனவே ‘வீ போர்’, ‘வீ ஃபில்’, ‘வீ சோக்’. பேச்சை நிறுத்தி, எதிரே குனிந்து நீலத்தை ஊற்றுபவரைக் கைகாட்டும்போது மட்டும் ‘லுக், ஹீ இஸ் போரிங் தி ப்ளூ’.

‘நோயிங்’ விஷயத்தில் தமிழே கைகொடுக்கும். எனக்குத் தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும். ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாமும் சொல்வதில்லையே! ஆங்கிலத்தில் நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் ஆகியவையும் பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. உடைமையைச் சொல்லும் ‘ஹேவ்’ அப்படித்தான்: ‘திஸ் ஹவுஸ் ஹேஸ் டூ கோர்ட்யார்ட்ஸ்’. ‘இஸ் ஹேவிங்’ கூடாது. ஆனால் அதே வீட்டு வளவில் பந்தி நடந்துகொண்டிருந்தால் ‘தே ஆர் ஹேவிங் லஞ்ச்’ சரியே. அங்கே ‘ஹேவ்’ உண்பதைக் குறிக்கிறது.

என் சோதனை வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. காரைக்குடியில் நிரந்தரமாகக் குடியிருந்தால் ‘ஐ லிவ் இன் காரைக்குடி’. வீட்டில் மராமத்து முடியும்வரை அத்தை வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்றால், பேசும் நேரத்தில் பட்டறையில் நின்றாலும் ‘ஐ ஆம் ஸ்டேயிங் வித் மை ஆன்ட்’தான்.