ஓடும்போது வரும் நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் போதாதா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு 17 வயது. கால்பந்து விளையாடும்போது நெஞ்சுவலி வரும். ஒருமுறை மைதானத்திலேயே மயங்கி விழுந்தான். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. சி.ரி. ஸ்கானில், இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இடது முடியுரு நாடி பிறப்பிலேயே இடம் மாறி வலப்பக்கம் தொடங்கி, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே போகிறது என்கிறார்கள். ஸ்டென்ட் போதாதா, நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டுமா?"

முதலில், இன்றிலிருந்தே ஓட்டம், பந்து, கடல் நீச்சல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். உடற்கல்வி ஆசிரியருக்கும் சொல்லிவையுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் தலையாட்டிவிட்டு மைதானத்தில் இறங்கிவிடுவார்கள்.

இது கொழுப்பு அடைப்பு அல்ல. பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையே போகும் இத்தகைய நாடி, தொடக்கத்தில் சிறிது தூரம் பெருநாடியின் சுவருக்குள்ளேயே பதிந்திருப்பதுண்டு. அதன் வாயும் வட்டமாக இல்லாமல் பொத்தான் துளைபோல் ஒடுங்கியிருக்கும். ஓடும்போது பெருநாடி விம்ம, அந்த வாய் நெரிபடுகிறது. இதயத்துக்கு இரத்தம் கூடுதலாகத் தேவைப்படும் வேளையில்தான் வரத்துக் குறைகிறது. படுத்தபடி எடுத்த ஈ.சி.ஜி. இதைக் காட்டாததில் வியப்பில்லை.

நெரிபடும் இடத்தில் ஸ்டென்ட் (நாடியை விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தால் அதுவும் நசுங்கலாம். 17 வயதில் நான் அதை விரும்பமாட்டேன். வேறொரு குழாயை ஒட்டி மாற்றுவழி அமைக்கும் பைபாஸும் முதல் தெரிவல்ல. ஓய்வில் சொந்த நாடியிலேயே இரத்தம் தாராளமாக ஓடுவதால், ஒட்டிய குழாய் நாளடைவில் அடைபடக்கூடும்.

ஆகவே நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைதான் பொருத்தம். அதில் இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தை நிறுத்தி, பெருநாடியைத் திறந்து, சுவருக்குள் புதைந்த பகுதியின் உட்கூரையை வெட்டி அகற்றுவார்கள். ஒடுங்கிய வாய் அகலமாகிவிடும். பெருநாடி வால்வின் இதழ்கள் பொருந்துமிடம் குறுக்கே வந்தாலோ, நாடி சுவருக்குள் பதியாமலிருந்தாலோ, நாடியைப் பெயர்த்துச் சரியான பக்கத்தில் பொருத்துவது போன்ற வேறு வழியை நாடுவார்கள். வால்வில் கசிவு ஏற்படுவது இந்தச் சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளில் ஒன்று. அதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

வலது நாடி இடம் மாறி, அறிகுறியும் இல்லையென்றால் கண்காணித்துக்கொண்டு காத்திருக்கலாம். இங்கே இடது நாடி, அதுவும் மயக்கத்தோடு, தள்ளிப்போடாதீர்கள். திருகோணமலை பொது வைத்தியசாலை இதய கிளினிக்கில் கடிதம் பெற்று, கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலையின் இதய சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அறிக்கைத்தாள் மட்டும் போதாது, ஸ்கான் படங்கள் உள்ள சீடியையும் கொண்டுபோங்கள். எங்கே வெட்டுவது என்பதை அவர் அந்தப் படங்களைப் பார்த்தே தீர்மானிப்பார்.

மார்பெலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரமாகும். மூன்று மாதமளவில் உழைப்புச் சோதனை (உடற்பயிற்சியின்போது இதயம் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது) செய்து பார்த்தபிறகே பந்தைப் பற்றிப் பேசலாம். இடையில் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.