நோட்டை எரிக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு வயதில் இரும்புக்கை மாயாவி என்றால் எனக்குப் பைத்தியம். முத்து காமிக்ஸ் தீர்ந்ததும் நானே நோட்டில் கதையைத் தொடர்வேன். மாயமான மாயாவி வீட்டுக்கு வந்து அம்மா பக்கத்தில் உட்காருவான். அவளுக்கு அந்தக் கை மட்டும் தெரியும். இப்போது நாவல் எழுதினாலும் நாயகன் யார் கண்ணிலும் படாமல்தான் அலைகிறான். சிறுபிள்ளைத்தனம் என்கிறார்கள் நண்பர்கள். நோட்டுகளை எரித்தால் விடுபடுவேனா? எழுதக் காலை நல்லதா, இரவா? ஓர் அத்தியாயம் இணைத்துள்ளேன்.

ரா.

அன்புள்ள ரா.,

காலையோ இரவோ, தூக்கம் வராத நேரத்தில் எழுதுங்கள். நண்பர்களை விடுங்கள். எரிப்பது என்ற பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கொஞ்ச நாளாக ஆங்கில எழுத்தாளர் எமிலி பிராண்டேயின் கவிதைகளோடு இருக்கிறேன். 1826 ஜூனில் அப்பா லீட்ஸிலிருந்து வாங்கிவந்த 12 மரச் சிப்பாய்களில் தொடங்கியது அந்த வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆளுக்கொரு சிப்பாய், அவனுக்கொரு பெயர், பிறகு நாடு, போர், பத்திரிகை. தீப்பெட்டி அளவில் நோட்டு தைத்து, அச்செழுத்து மாதிரியே பொடிப்பொடியாக எழுதினார்கள். பின்னால் எமிலியும் தங்கை ஆனும் பிரிந்துபோய் 'கோண்டல்' என்று தங்களுக்கென ஒரு தீவைக் கட்டிக்கொண்டார்கள். 1845இல் இருவரும் யார்க் நகருக்குப் போனபோது கோண்டல் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போனதை எமிலி எழுதிவைத்திருக்கிறாள். அவளுக்கு அப்போது 27 வயது நெருங்கிக்கொண்டிருந்தது!

அதே வருடம் மார்ச்சில் எழுதிய கவிதையில், கோண்டல் பெண்ணொருத்தி பதினைந்து வருடமாக மண்ணுக்குள் கிடக்கும் காதலனை நினைத்து அழுகிறாள். 1846இல் அச்சேற்றும்போது கோண்டல் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டார்கள். அழுகை அப்படியே இருந்தது. மறு வருடம் வந்த எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில், காதலி காத்தியின் கல்லறையைத் தோண்டும் ஹீத்கிளிஃப்பைப் படியுங்கள். எனக்கு அதில் அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்கிறது.

உங்கள் அத்தியாயத்தைப் படித்தேன். கண்ணுக்குத் தெரியாமல் அலைகிறவனுக்காக அந்த வீட்டில் ஒருவரும் ஒரு தட்டைக்கூட நகர்த்திவைக்கவில்லை. காமிக்ஸில் அந்தக் கையைக் கண்டு எதிரி நடுங்குவான். அதை அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நீங்கள், அதுவும் பன்னிரண்டு வயதில். வளர்ந்ததும் மாயத்தை வைத்துக்கொண்டு அம்மாவைத் துரத்திவிட்டீர்கள். யாரோ சிரிப்பார்கள் என்ற பயம்தானே? மாயாவி உங்களுக்குக் கொடுத்ததை விட்டுவிட்டு, நீங்கள் அவனுக்குக் கொடுத்ததைப் போய் எரிக்கப் பார்க்கிறீர்களே, இதென்ன புத்தி?

கையைப் பார்த்ததும் அம்மா என்ன கேட்டாள்? நோட்டில் எழுதியிருப்பீர்கள். அந்தப் பக்கத்தைத் தேடி அனுப்புங்கள். நாவலைப் பற்றி அப்புறம் பேசலாம்.