சிகரட்டை விடப் போடும் குளிசை: வாசகர் கேள்விகள்

காலையில் பிளேன்ரீ குடித்துவிட்டு வரெனிக்லின் போட்டால் ஓங்காளம், சில நாளில் சத்தி. விட்டுவிடவா? (கோப்பாய்)

விடவேண்டாம். ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு இந்த மருந்தால் ஓங்காளம் வரும். வெறும் வயிறு அதைக் கூட்டும். பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. புட்டோ இடியப்பமோ வயிறாரச் சாப்பிட்ட கையோடு, ஒரு முழுக் கிளாஸ் தண்ணீருடன் விழுங்குங்கள்.

அளவு ஏற்றிய விதத்தையும் பாருங்கள். முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7ஆம் நாள்வரை அதே அளவு இரு வேளை, 8ஆம் நாளிலிருந்து 1 மி.கி. இரு வேளை. அவசரப்பட்டு முதல் நாளே 1 மி.கி. போட்டால் வயிறு பிரட்டத்தான் செய்யும். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் வைத்தியர் 0.5 மி.கி. இரு வேளைக்கு இறக்குவார். அந்த அளவிலும் பலன் உண்டு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு உச்ச அளவே அதுதான், ஆகவே அந்த நோய் இருந்தால், மருந்தைத் தொடங்கமுன்னரே சொல்லிவிடுங்கள்.

சாமத்தில் பயங்கரக் கனவுகள்.

இரண்டாவது குளிசையைப் படுக்கப் போகும்போது போடாமல், நேரத்தோடு இராச் சாப்பாட்டுடன் போடுங்கள்.

இது மனநிலையைக் குழப்பும் என்கிறார்களே?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009இல் கடும் எச்சரிக்கை போட்டது உண்மை. 8,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு 2016இல் அதை எடுத்துவிட்டது. எரிச்சலும் சோர்வும் நிக்கொட்டின் இல்லாமற்போவதாலேயே வரும். ஆனாலும் உயிரை மாய்க்கும் எண்ணமோ, வழமைக்கு மாறான நடத்தையோ தெரிந்தால் குளிசையை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். முகம், தொண்டை வீங்கினாலோ நெஞ்சு நோ வந்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

பின்னேரத்தில் கொஞ்சம் கள்ளு?

சிலருக்கு வெறி சட்டென்று ஏறி, முரட்டுத்தனமும் மறதியும் வந்திருக்கின்றன. மருந்து உடம்புக்கு எப்படி ஒத்துவருகிறது என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

வலிப்பு உள்ளவர், சிகரட்டை விடக் கொடுக்கும் மற்றக் குளிசையான புப்ரோப்பியன் போடலாமா?

கூடவே கூடாது.

தொய்வுக்கு தியோபிலின் குடிக்கிறேன். சிகரட்டை விட்டு ஒரு கிழமையில் நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம். வரெனிக்லினாலா? (சாவகச்சேரி)

முதலில் தியோபிலினைச் சந்தேகியுங்கள். புகையிலுள்ள தார், ஈரலைத் தூண்டித் தியோபிலினை வேகமாகக் கழிக்கச் செய்யும். புகைப்பவருக்கு அதனால்தான் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. புகை நின்றதும் ஈரல் சில நாட்களிலேயே பழைய வேகத்துக்கு இறங்கும். அதே அளவு இப்போது இரத்தத்தில் தேங்கும். படபடப்பு, நடுக்கம், ஓங்காளம் எல்லாம் அதன் அடையாளம். மிஞ்சினால் வலிப்பும் வரும். இன்றே கிளினிக்குக்குப் போய், புகையை நிறுத்திய திகதியைச் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். மனநோய்க்குக் குளோசபின், ஒலான்சபின் குடிப்போருக்கும் இதே எச்சரிக்கை. சுருட்டை விட்டாலும் கதை இதுதான். வெற்றிலையோடு புகையிலை சப்பியவருக்கு இது பொருந்தாது. அங்கே புகை இல்லையே.