பழைய பின்பால் மந்தமாக ஓடுகிறதா? முதலில் சாய்வைப் பாருங்கள்

நண்பரே, சாய்ந்த பலகையில் உருளும் உலோகப் பந்தை அடித்து ஆடும் பின்பாலை (pinball) புது மெஷினில் ஆடிப் பழகிய கைக்கு நீங்கள் வாங்கியிருக்கும் 1970களின் ரிலே மெஷின் (மின்காந்த சுவிட்சுகளால் இயங்குவது) மந்தமாகத் தெரிவது இயல்புதான். அதற்காக விற்றுவிடாதீர்கள்! முதலில் ஆடுதளத்தின் சாய்வை அளந்து பாருங்கள். பழையவை சுமார் 3.5 டிகிரிக்கு வடிவமைக்கப்பட்டவை, இன்றையவை 6.5. பின்கால்களை உயர்த்தினால் பந்து வேகமெடுக்கும், ஆனால் அந்தக் கால ஃப்ளிப்பருக்கு, அதாவது பந்தை அடிக்கும் துடுப்புக்கு, அவ்வளவு வலு கிடையாது. அடித்த பந்து பாதியிலேயே திரும்பிவிடும். கொஞ்சமாக மட்டும் ஏற்றுங்கள். ஆடுதளத்தைத் துடைத்து மெழுகு பூசி, ரப்பர் வளையங்களையும் பந்தையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான்.

புதியதில் சரிவுப் பாதைகளும் எல்சிடி திரையும் ஆட்டத்தை நடத்தும். பழையதில் ஒரே இலக்கைக் குறிவைத்துத் திரும்பத் திரும்ப அடிப்பதும், ஸ்கோர் சக்கரம் உருளும்போது மணி அடிப்பதும்தான் சுகம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஃப்ளிப்பர் அப்போதும் சோர்வாக இருந்தால், அதை இயக்கும் காயிலுக்குள் (மின்கம்பிச் சுருள்) இருக்கும் ஸ்லீவை (குழாய் போன்ற உறை) மாற்றிப் பாருங்கள்.